ஹபீபா ராத்தாவின் ஸலாம் பாட்டு

லுஹர் தொழுதுவிட்டு வந்து சோற்றில் கைவைத்த நேரம் ஜலீல் அழைத்தார். "மாஸ்டர், ராத்தா மௌத்து" என்றார். இன்னாலில்லாஹி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வார்த்தை வந்துவிட்டது. "காக்காக்கு நீங்க ஒருக்காச் சொல்லுங்க." அதோடு வைத்துவிட்டார். நான் எழுந்து கைகழுவுவதற்கிடையில் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை ஆதம் காக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கும் செய்தி போயிருந்தது. "ஹபீபா போயிட்டா மாஸ்டர். தம்பிக்குத் தெரியுமாண்டு ஒருக்காக் கேளுங்க."

கூடப்பிறந்த ஒரே சகோதரி இறந்த செய்தியைக்கூட அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் வந்தது கோபம்தான், அதை மறைக்கப் போவதில்லை. கோபம் அடங்கியதும் ஒரு பயம் பிடித்தது. ஹபீபா ராத்தாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, ஒரே மகள். கணவர் முந்திப் போய்விட்டார். பெண்ணின் ஜனாஸாவைக் கப்றுக்குள் இறங்கி ஏந்துவது அவளுடைய நெருங்கிய ஆண் உறவுகளின் பொறுப்பு. அப்படியென்றால் இந்த இருவரும்தான் இறங்க வேண்டும். அந்த ஒடுங்கிய குழிக்குள், வருடக்கணக்காக வாய்பேசாத இரண்டு பேர் எப்படி நிற்கப்போகிறார்கள்?

சற்று நேரத்தில் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தபால் கந்தோரில் கடமையாற்றி ஓய்வுபெற்றவர் என்றும், ஆதம்பாவா, ஜலீல் ஆகியோரின் சகோதரி என்றும், அஸர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம் என்றும் சொன்னார்கள். அந்த இரண்டு பெயர்களையும் யாரும் ஒரே மூச்சில் சொல்லி நான் கேட்டு நெடுங்காலம்.

ராத்தாவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 'மருதம் மூவர்' என்றால் கல்முனைக் கரையோரத்தில் தெரியாத கலியாண வீடு இல்லை. மருதமுனையில் பிறந்த அண்ணன், தங்கை, தம்பி மூவர் சேர்ந்து பாடிய குழு அது. பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை மேடை மேடையாகப் பாடினார்கள். வானொலியில் பாடினார்கள், பெருநாள் தோறும் பாடினார்கள். ஆதம் காக்காவின் குரல் கனமானது, கீழே நின்று தாங்கும். ஜலீலின் குரல் மேலே ஏறிப் பறக்கும். இரண்டுக்கும் இடையில் நின்றது ராத்தாவின் குரல். தனியாகக் கேட்டால் அதில் பெரிய விசேஷம் எதுவும் தெரியாது. அவர் இருமலென்று ஒருநாள் பயிற்சியில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அண்ணனும் தம்பியும் வேறு வேறு பாட்டுப் பாடுவது போல இருந்தது. கணக்குப் பாடம் படிப்பித்துக்கொண்டு பின்னேரங்களில் கீபோர்ட் வாசித்துத் திரிந்த என்னை அவர்கள் சேர்த்துக்கொண்டது, அவர்களுடைய குழு பேர் எடுக்கத் தொடங்கிய காலத்தில். அன்றிலிருந்து எல்லாருக்கும் நான் மாஸ்டர்தான்.

பயிற்சி எப்போதும் ராத்தாவின் வீட்டில்தான் நடக்கும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு, ஆண்கள் கலியாணம் கட்டிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆதம் காக்கா சாய்ந்தமருதுக்குப் போய்க் கல்முனை பஸாரில் துணிக்கடை வைத்தார். ஜலீல் நிந்தவூரில் கட்டி அங்கேயே ஒரு மருந்துக்கடை நடத்தினார். உம்மா வாப்பாவின் வீட்டில் ராத்தா இருந்தார், ஆகவே பாட்டும் அங்கேயே இருந்தது. பகலில் தபால் கந்தோர் ஜன்னலுக்குப் பின்னால் இருந்து, "ஆரு அடுத்த ஆள்?" என்று அவர் கூப்பிட்டால், வரிசையில் நிற்பவர்களில் யாராவது ஒருவர், "வானொலியில பாடுற ஆள்தானே நீங்க?" என்று கேட்காமல் விடமாட்டார். "ஓம், முத்திரை எத்தின வேணும்?" என்பார் ராத்தா, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

பெண்பிள்ளை மேடையேறிப் பாடுவதைப் பற்றி ஊரில் கதை வராமல் இல்லை. ஆனால் ஒரு பக்கம் காக்கா, மறுபக்கம் தம்பி என்று இருவரும் நிற்க, நடுவில் நின்று பாடுகிறவரைப் பற்றி எவ்வளவுதான் கதைப்பது? அந்த இருவரும்தான் ஊர்வாய்க்குப் பூட்டு. இதை ராத்தா நன்றாக அறிந்திருந்தார். பிறகு நடந்ததை விளங்கிக்கொள்ள இது தெரிய வேண்டும்.

முறிவு அக்கரைப்பற்றில் ஒரு கலியாண வீட்டில் வந்தது. இரண்டாம் சரணம் ஆதம் காக்காவுடையது. அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. முதல் அடியை எடுக்க வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. நான் இசையை இழுத்துக்கொண்டிருந்தேன். அவர் செருமிக்கொண்டு மறுபடி எடுப்பதற்குள் ஜலீல் அந்த அடியைப் பிடித்து, தன் சுருதியில் மேலே தூக்கிப் பாடிவிட்டார். கூட்டம் கைதட்டியது. தட்டாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறுவிதமாக எழுதியிருப்பேன்.

மேடைக்குப் பின்னால், பிரியாணிச் சட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்து ஆதம் காக்கா கேட்டார். "எண்ட அடியப் பாடச் சொல்லி ஒனக்கு ஆரு சொன்ன?"

"நான் எடுக்காட்டிப் பாட்டு விழுந்திரிக்கும், காக்கா."

"விழுந்தா எடுக்க எனக்குத் தெரியும். நான் மௌத்தாப் போகல்ல."

"சனத்துக்கு முன்னால நிண்டு இருமுறதுக்கா கூப்பிட்டிரிக்காங்க?"

ஆதம் காக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இனி என்னோட கதையாத" என்றார். ஜலீல், "சரி" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு கிழமையில் சரியாகிவிடும் என்று நினைத்தோம். 'நீரடித்து நீர் விலகாது' என்று ஊரில் பெரியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அந்தப் பழமொழியைச் செய்தவர் இந்தக் குடும்பத்தைக் கண்டிருக்க மாட்டார். ஒருவர் விடாக்கண்டர் என்றால் மற்றவர் கொடாக்கண்டர். "அவருதானே கதையாத எண்டு சொன்ன, அவரே வாயத் துறக்கட்டும்" என்பது ஜலீலின் நியாயம். "எண்ட அடியப் புடுங்கினவன்தான் வரவேணும்" என்பது காக்காவின் நியாயம். ஆனாலும் இருவரும் குழுவை விட்டுப் போகவில்லை. முதலில் விலகுபவன் தோற்றவன் ஆகிவிடுவான் அல்லவா?

ஆகவே வாய்பேசாத இருவரை வைத்துக்கொண்டு, வாய்ப்பாட்டையே தொழிலாகக் கொண்ட ஒரு குழுவை ராத்தா நடத்தினார். நிகழ்ச்சிக்குப் போகும் வானில் முன்சீட்டில் காக்கா, கடைசிச் சீட்டில் ஜலீல், நடுவில் ராத்தா. "ஹபீபா, சுருதியக் கொஞ்சம் இறக்கச் சொல்லு" என்று முன்னாலிருந்து குரல் வரும். பின்னாலிருப்பவருக்குக் காது நன்றாகக் கேட்கும். இருந்தும் ராத்தா திரும்பி, "தம்பி, சுருதிய இறக்கட்டாம்" என்று சொல்வார். "ஏலாதாம் எண்டு சொல்லுங்க ராத்தா." ராத்தா முன்பக்கம் திரும்புவார். "பாப்பமாம், காக்கா." பதிலை அவர் கொண்டுசேர்க்கும்போது அதன் முள் எல்லாம் உதிர்ந்திருக்கும். "வேலையிலயும் தபால், வீட்டிலயும் தபால். ஓவர்டைம் மட்டும் இல்ல" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. எந்த இடத்தில் எது வெடிக்குமோ என்று நான் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

அந்தக் காலத்தில்தான் ராத்தா ஒரு புதுப் பாட்டைக் கொண்டுவந்தார். நிகழ்ச்சி தொடங்கும்போது பாடுவதற்கு. சொல்லும் மெட்டும் அவருடையவை. ஆதம் காக்கா முதலில், "அஸ்ஸலாமு அலைக்கும், அன்புள்ள சபையோரே" என்று எடுக்க வேண்டும். உடனே ஜலீல் தனியாக, "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று பதில் பாட வேண்டும். அதன் பிறகுதான் மூவரும் சேர்ந்து பல்லவி. அந்த இடத்தில் மைக்குகளையும் ராத்தா தானே நகர்த்திவைத்தார், அண்ணனும் தம்பியும் பாதி முகம் பார்த்து நிற்கும்படி. சவுண்ட் காரர் கேட்டதற்கு, "இப்பிடி வெச்சாத்தான் மைக் இரையாது" என்று ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்தார்.

எனக்கு அந்தப் பாட்டில் ஒரு வழக்கு இருந்தது. பயிற்சி முடிந்து மற்ற இருவரும் போன பிறகு கேட்டேன். "ராத்தா, சபைக்குச் சொன்ன ஸலாத்துக்கு மேடையில நிண்டு பதில் சொல்றது எந்த ஊர் முறை? சொல்லத்தான் வேணுமெண்டா மூணு பேரும் சேர்ந்து சொன்னா நல்லா இரிக்குமே. அதென்ன ஜலீல் மட்டும்?"

ராத்தா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மூணு நாளைக்கு மேல ஸலாம் கலாம் இல்லாம இரிக்கிறது கூடாது எண்டு ஒங்களுக்குத் தெரியும்தானே, மாஸ்டர்?"

அது எங்கள் ஊரில் ஓதப் போகிற பிள்ளைக்கும் தெரியும்.

"ஸலாம் சொல்றது சுன்னத்து, சொன்னா நன்மை. பதில் சொல்றது கடமை. மேடையில சொன்னாலும் ஸலாம் ஸலாம்தான். காக்கா சொல்றாரு, தம்பி பதில் சொல்றான். ரெண்டு பேருக்கும் குத்தமில்ல. அவனுகளுக்குத் தெரியவும் தேவயில்ல."

"இது செல்லுமா எண்டு மௌலவிக்கிட்டக் கேட்டீங்களா?"

"கேக்கல்ல. நீங்களும் கேக்காதீங்க. கேட்டா இல்லண்டுருவாரு. கேக்காம இரிக்கிற வரைக்கும் செல்லும்."

நான் சிரித்துவிட்டேன். ராத்தாவும் சிரித்தார். பிறகு, "எண்ட தேவையும் இதுல இரிக்கி, மாஸ்டர். அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல நிண்டாத்தான் நான் பாடலாம்" என்றார். தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் பழக்கம் அவரிடம் இருக்கவில்லை. அதனால்தான் அவர் சொல்வதெல்லாம் எனக்குள் தங்கியது.

அந்த ஸலாம் பாட்டு எங்களை விடப் பெரிதாகப் போய்விட்டது. 'ஸலாம் பாட்டுக்காரர் வந்துட்டாங்க' என்றுதான் பிள்ளைகள் வானைக் கண்டு கத்துவார்கள். கொழும்பில் ஒரு தொலைக்காட்சியில் றமழான் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோதும் அதைத்தான் கேட்டார்கள். ஒத்திகை பார்த்த தயாரிப்பாளர், பாட்டு நீளம் என்றார். "தொடக்கத்துல வாற ஸலாம் பகுதிய எடுத்துட்டு நேரா பல்லவிக்கு வாங்க" என்றார்.

"அது எடுக்க ஏலாது" என்றார் ராத்தா.

"அப்ப எதையாவது குறைக்கத்தானே வேணும்."

"எண்ட சரணத்த எடுங்க."

மருதம் மூவர் பாடிய எத்தனையோ பாட்டுகளில் ராத்தா தனியாகப் பாடியது அந்தச் சரணம் ஒன்றுதான். ஜலீல், "ராத்தா, அது என்னத்துக்கு?" என்றார். அதே நேரம் ஆதம் காக்கா என் பக்கம் திரும்பி, "மாஸ்டர், அவட சரணம்தான் பாட்டே எண்டு சொல்லுங்க இவருக்கு" என்றார். இத்தனை காலத்தில் முதல் தடவையாக அண்ணனும் தம்பியும் ஒரே கருத்தில் இருந்தார்கள். அது தெரிந்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். ராத்தா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், வாசியுங்கள் என்று. சரணம் போய்விட்டது. இன்றைக்கு எல்லாருடைய போனிலும் சுற்றித் திரிவது அந்தப் பதிவுதான். அதில் ராத்தாவின் குரலைத் தேடுகிறவர்கள், காக்காவுக்கும் ஜலீலுக்கும் இடையில் காதைவைத்துக் கேட்க வேண்டும்.

பிறகு ராத்தாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. மேடைகள் நின்றன. ஊர் அவருடைய உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டது, அவர் ஸலாத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். மேடை இல்லையென்றால் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையில் அந்த ஒரு சொல்லும் இல்லை. "நான் படுத்ததால அவனுகளுக்குக் குத்தம் ஏறுது, மாஸ்டர்" என்று ஒருநாள் சொன்னார். தபால் வேலையும் அப்போது என் தலையில் விழுந்தது. காலையில் காக்கா எடுப்பார், ஊசிக்கு எத்தனை மணி என்று தம்பியிடம் கேட்கச் சொல்லி. மாலையில் தம்பி எடுப்பார், காக்கா சாப்பாடு கொண்டுபோனாரா என்று கேட்கச் சொல்லி. முள்ளை உதிர்த்துக் கொடுக்கும் கலை எனக்கு வரவில்லை. இருவருடைய எரிச்சலையும் வாங்கி என்னுடையதையும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் காக்கா பகலில் வருவார், ஜலீல் பின்னேரத்தில் வருவார். இருவரும் சந்திக்காதபடி அது தானாக அமைந்திருந்தது. கடைசிக் கிழமையில் ஒருநாள் பகல், நான் போனபோது ஜலீல் கட்டிலடியில் நின்றிருந்தார். ராத்தா அவரை வெள்ளென வரச்சொல்லியிருக்கிறார். தலையணையைச் சரிசெய், சுடுதண்ணிப் போத்தலைக் கழுவு, மருந்தைப் பார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அவரைப் போகவிடாமல் பிடித்துவைத்திருந்தார். எனக்கு விளங்கியது. வாசலைப் பார்த்தேன்.

ஆதம் காக்கா வந்தார். தம்பியின் முதுகைக் கண்டதும் நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு கால் உள்ளே வைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

ஜலீலின் கையில் போத்தல் மூடி இருந்தது. அது அசையாமல் நின்றது. ராத்தா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு பார்வையை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. ஜலீல் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. அதற்குள் பக்கத்துக் கட்டில்களில் இருந்த பெண்கள் இரண்டு மூன்று பேர், "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று ஒன்றாகச் சொல்லிவிட்டார்கள். ஜலீல் மூடியைத் திருகிப் பூட்டிப் போத்தலை வைத்துவிட்டு, காக்காவைக் கடந்து வெளியே போனார்.

அன்றைக்குக் காக்கா போன பிறகு ராத்தா என்னிடம் சொன்னார். "ஒரு ஆள் சொன்னா மத்தவங்கட கடமை நீங்கும்தானே, மாஸ்டர். அதுதான் தம்பி சொல்லல்ல. இல்லாட்டிச் சொல்லியிருப்பான்." கடைசி வரையும் அவர்களுக்காக அவர் வழக்காடினார். பிறகு, "நான் இல்லாட்டி ஆரு மைக்க நகர்த்தி வெக்கிற?" என்று கேட்டார். "நீங்க சுருதியாவது புடிச்சுக் குடுங்க" என்றார். நான் கேட்ட அவருடைய கடைசி வார்த்தைகள் அவை.

அந்நிய ஆண் என்பதால் ராத்தாவின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. வெளியில் சனத்தோடு நின்றேன். தொழுகை முடிந்து ராத்தா கிடந்த சந்தூக்கைத் தூக்கினார்கள். முன்பக்கம் ஆதம் காக்கா தோள்கொடுத்தார். பின்பக்கம் ஜலீல். வானில் இருந்த அதே ஒழுங்கு, நடுவில் ராத்தா. நான் ஜலீலுக்குப் பின்னால் நடந்தேன். சுருதி பிடித்துக் கொடுங்கள் என்றாரே, எதை எப்படிப் பிடிப்பது? மையவாடிக்குக் கீபோர்ட்டா கொண்டுபோக முடியும்? இருவரில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வழி நெடுக வாயைத் திறந்தேன், திறந்த வாயை மூடினேன்.

மையவாடி கடலோரம். வாசலில் கால்வைக்கும்போது கப்றுகளில் இருப்பவர்களுக்கு ஸலாம் சொல்லி நுழைவது வழக்கம். எல்லாரும் வாய்க்குள் முணுமுணுப்பார்கள். ஆதம் காக்காவுக்கு மேடையில் முழங்கிப் பழகிய தொண்டை. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று உரக்கவே சொன்னார். சொன்னாரா, பாடினாரா? எத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் அந்த இரண்டு சொற்களையும் அந்த மெட்டில் எடுத்தவர். அவரை அறியாமல் சுருதி அங்கேயே போய் உட்கார்ந்தது. 'யா அஹ்லல் குபூர்', கப்றுவாசிகளே, என்று அவர் தொடர்வதற்குள் சந்தூக்கின் பின்பக்கமிருந்து பதில் வந்துவிட்டது.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

மௌத்தானவர்களுக்குச் சொன்ன ஸலாத்துக்கு உயிரோடிருப்பவர் யாரும் பதில் சொல்வதில்லை. சனம் திரும்பிப் பார்த்தது. ஜலீலின் காது சிவந்துபோனது. ஆதம் காக்கா நின்றார். அவர் நின்றதால் சந்தூக்கு நின்றது, தோள்கொடுத்தவர்கள் தடுமாறினார்கள். யாராவது சிரித்துவிடுவார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன். காக்கா திரும்பவில்லை. மிச்சத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்துவிட்டு நடந்தார்.

கடற்கரை மணலில் தோண்டிய கப்று. ஓரத்தைப் பிடித்தால் சரியும். ஜலீல் முதலில் இறங்கினார். ஆதம் காக்காவுக்கு முழங்கால் வருத்தம். விளிம்பில் நின்று ஒரு காலை இறக்கப் பார்த்தார், மணல் உதிர்ந்தது. காலை எடுத்துக்கொண்டார். கீழே நின்ற ஜலீல் கையை நீட்டினார். அதைப் பார்த்துக்கொண்டு காக்கா நின்றார். நிற்கிறார், நிற்கிறார். வேறு யாரோ அவருடைய தோளைப் பிடிக்க வந்தார்கள். நான் அந்த ஆளின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். ராத்தா கேட்ட வேலையில் நான் செய்தது அது ஒன்றுதான்.

"நல்லா ஊண்டி நில்லு. நான் பாரம்" என்றார் ஆதம் காக்கா.

"ஓம் காக்கா. வாங்க" என்றார் ஜலீல்.

தலைப்பக்கம் அண்ணனும் கால்பக்கம் தம்பியுமாக அவரை ஏந்தி வைத்தார்கள். "முகத்தக் கொஞ்சம் கிப்லாப் பக்கம்" என்று ஒருவர் சொல்ல, "இது போதுமா?" என்று மற்றவர் கேட்டது மேலே நின்ற எங்களுக்குக் கேட்டது. ராத்தா அவர்களுக்கு நடுவில் இருந்தார். மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.

அதன் பிறகு அவர்கள் இருவரும் கதைக்கிறார்களா என்று ஊரில் காண்கிறவரெல்லாம் என்னைக் கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நான் போய்க் கேட்கவுமில்லை. ஆனால் அன்று பகல் வந்த அந்த இரண்டு அழைப்புகளுக்குப் பிறகு, தம்பியிடம் கேளுங்கள் என்றோ காக்காவிடம் சொல்லுங்கள் என்றோ என் போன் ஒரு தரமேனும் அடிக்கவில்லை. சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். அடிக்காமல் கிடக்கும் போனைப் பார்த்து ஒரு மனிதன் அழுவதை என் மனைவி இப்போதுதான் காண்கிறாள்.

அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்குவானாக, ராத்தா. தபால் போய்ச் சேர்ந்துவிட்டது.